போராட்ட நாட்களில் கொழும்பில் தங்குவதும் வேலைக்குப் போவதும்: முழுமையான வழிகாட்டி

கொழும்பில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்பவர்களுக்காக, அதிலும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹற்றன் போன்ற இடங்களிலிருந்து அண்மையில் வந்து வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொருளாதார நெருக்கடியால் மக்கள் அரசாங்கத்துக்கு எதிராக வீதியில் இறங்கிய 2022 மார்ச் இறுதியிலிருந்து ஜூலை இறுதிவரை இந்த நகரம் இருந்த நிலையே இதற்கு அடிப்படை. போராட்டத்தில் கலந்துகொள்வதா இல்லையா என்பது அவரவர் முடிவு. கலந்துகொள்பவருக்கும் மறுநாள் வேலை இருக்கிறது, கலந்துகொள்ளாதவரும் அதே வீதியால்தான் வீடு திரும்ப வேண்டியிருக்கிறது. ஆகவே இருவருக்கும் இது பொருந்தும்.

புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் ஆர்ப்பாட்டம் நடக்கும் இடத்தை நினைத்தே அஞ்சுகிறார்கள். ஆனால் அவர்களை அலைக்கழிப்பது அந்த இடம் அன்று. இரண்டு கிலோமீற்றர் தள்ளி நிறுத்தப்பட்ட பஸ், எதிர்பாராத நேரத்தில் வந்த ஊரடங்கு, பற்றரி தீர்ந்துபோன கைத்தொலைபேசி ஆகியவையே அவர்களை நடுவழியில் விட்டுவிடுகின்றன. அரிசியும் பருப்பும் வாங்கிவைப்பதை முதல் வேலையாகச் செய்துவிட்டு மற்றவற்றைப் பிறகு பார்ப்போம் என்று இருந்தவர்களே மிகவும் சிரமப்பட்டார்கள். அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. உங்கள் பாதையைத் தாளில் வரையுங்கள்

கொழும்பில் ஆர்ப்பாட்டங்கள் எங்கும் முளைப்பதில்லை. குறிப்பிட்ட சில இடங்களிலேயே திரும்பத் திரும்பக் கூடுகின்றன. கோட்டை புகையிரத நிலைய முன்றல், லிப்டன் சுற்றுவட்டம், அதன் அருகிலுள்ள விகாரமகாதேவி பூங்கா, காலிமுகத்திடலும் ஜனாதிபதி செயலகமும், கொள்ளுப்பிட்டியில் பிரதமரின் உத்தியோகபூர்வ இல்லமான அலரி மாளிகை, பிளவர் வீதியில் பிரதமர் அலுவலகம், பாராளுமன்றத்துக்குப் போகும் வழியில் பொல்துவ சந்தி ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. மாணவர் ஊர்வலங்கள் பல்கலைக்கழகங்களில் தொடங்கி இந்த இடங்களில் ஒன்றை நோக்கியே நகரும்.

ஒரு தாளில் உங்கள் வீட்டையும் வேலைத்தலத்தையும் குறித்து, நாள்தோறும் நீங்கள் கடக்கும் வழியில் இவற்றுள் எவை வருகின்றன என்று பாருங்கள். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் கோட்டைக்குப் போகிறவர் அலரி மாளிகையையும் காலிமுகத்திடலையும் கடக்கிறார். அதனால் 100, 101 இலக்க பஸ்களில் போகிறவர்களுக்கே தடை முதலில் தெரியும். பொலிஸார் இரும்புத் தடுப்புகளைக் கூட்டம் சேர்வதற்கு முன்பே, சிலவேளை முதல் நாள் இரவே, கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். ஆர்ப்பாட்டம் மாலை நாலு மணிக்கு என்றால் உங்கள் வழி காலையிலேயே மாறியிருக்கலாம்.

அடுத்து, ஒவ்வொரு தடைக்கும் ஒரு மாற்று வழியைக் குறியுங்கள். காலி வீதி மறிக்கப்பட்டால் மரைன் டிரைவ் வழியாகக் கொள்ளுப்பிட்டிவரை வரலாம். கொட்டாஞ்சேனையிலிருந்து தெற்கே வர வேண்டியவர் கோட்டையைத் தொடாமல் பேஸ்லைன் வீதியால் பொரளைக்கு வந்து அங்கிருந்து பிரியலாம். பத்தரமுல்லையில் வேலை செய்பவர் பொல்துவ சந்தி மூடப்பட்டால் நாவல வழியாக நுகேகொடைக்கு இறங்குவது நல்லது.

இந்த மாற்று வழியை அமைதியான ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு முறையாவது நடந்து பாருங்கள். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி ஏறத்தாழ 5 கிலோமீற்றர். அது உங்கள் காலுக்கு எவ்வளவு நேரம் என்று தெரிந்தவர்தான் 6ஆம் படியில் சரியாகக் கணக்குப் போட முடியும்.

கைத்தொலைபேசி வரைபடத்தை மட்டும் நம்பியவர்கள் பலர் ஏமாந்தார்கள். அது வாகனங்களின் வேகத்தை வைத்தே நெரிசலைக் காட்டுகிறது. எரிபொருள் இல்லாத நாளிலும் ஊரடங்கை ஒட்டிய நேரத்திலும் வாகனமே இல்லாத வீதி, தடுப்பு வைத்து மூடப்பட்டிருந்தாலும், தாராளமாகத் திறந்திருப்பதுபோல் அதில் தெரியலாம்.

2. ஹர்த்தால், அவசரகால நிலை, ஊரடங்கு: எது எதைத் தடுக்கிறது என்று அறியுங்கள்

இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால், வெளியே போகக்கூடிய நாளில் சிலர் அடைந்து கிடக்கிறார்கள். போகக்கூடாத நாளில் சிலர் படலையைத் திறந்துகொண்டு போகிறார்கள்.

ஹர்த்தால் என்பது தொழிற்சங்கங்களும் வணிகர்களும் விடுக்கும் அழைப்பு. 2022 மே 6ஆம் திகதி நடந்தது போன்ற ஹர்த்தாலில் வீதியில் நடமாடச் சட்டத் தடை எதுவும் இருக்காது. ஆனால் பஸ்ஸும் ரயிலும் ஓடாது, கடைகள் பூட்டியிருக்கும். அன்று உங்கள் கேள்வி போக்குவரத்தைப் பற்றியது மட்டுமே.

அவசரகால நிலை ஜனாதிபதியால் பிரகடனப்படுத்தப்படுவது. 2022 ஏப்ரல் 1ஆம் திகதியும், மீண்டும் மே 6ஆம் திகதியும், அதன்பின் ஜூலையிலும் அது வந்தது. அது உங்களை வீட்டுக்குள் இருக்கச் சொல்வதில்லை. கைது செய்யவும் தடுத்து வைக்கவும் உள்ள அதிகாரங்களை விரிவாக்குகிறது. ஆகவே வேலைக்குப் போகலாம், ஆனால் ஆவணமில்லாமல் போகக்கூடாது.

ஊரடங்கு பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின் கீழ் விதிக்கப்படுகிறது. அந்த உத்தரவு பொது வீதியோடு புகையிரதப் பாதை, பூங்கா, விளையாட்டிடம், கடற்கரை ஆகியவற்றையும் சேர்த்தே சொல்கிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பகுதியில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைத்திருக்க வேண்டும். காலி வீதியில் பொலிஸார் நிற்கிறார்கள், தண்டவாளத்தால் நடந்துபோனால் பிழையில்லை என்று நினைத்துப் புறப்படுவது, வீதியில் போவதற்குச் சமமான மீறலே.

‘பொலிஸ் ஊரடங்கு’ என்ற அறிவிப்பும் வருவதுண்டு. 2022 ஜூலை 8ஆம் திகதி இரவு ஒன்பது மணி முதல் மேல் மாகாணத்தின் பல பொலிஸ் பிரிவுகளுக்கு அப்படி அறிவிக்கப்பட்டபோது, அதற்குச் சட்ட அடிப்படை இல்லை என்று சட்டத்தரணிகள் சங்கம் சொன்னது; மறுநாள் காலையில் அது நீக்கப்பட்டது. சங்கம் சொன்னது சரி என்பதே என் எண்ணம். ஆனாலும் இரவு பத்து மணிக்குத் தடுப்பில் நிற்கும் கான்ஸ்டபிளுடன் அந்த வாதத்தைத் தொடங்க வேண்டாம். அது நீதிமன்றத்தில் பேச வேண்டியது. உங்களுக்கு அந்த நேரத்தில் வேண்டியது வீடு.

3. செய்தி வரும் வழியையும் அனுப்பும் வழியையும் முன்கூட்டியே அமையுங்கள்

ஊரடங்குச் செய்தி வந்தால் நான்கு விடயங்களைத் தேடுங்கள்: யார் அறிவித்தது, எந்தப் பகுதிக்கு, எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எத்தனை மணிக்கு நீங்குகிறது. அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் அறிக்கையில் இந்த நான்கும் இருக்கும். வட்ஸ்அப்பில் ஓடும் குரல் பதிவில் பெரும்பாலும் இவற்றில் ஏதாவது ஒன்று விடுபட்டிருக்கும். திகதி இல்லாத பழைய அறிக்கையின் படமும் புதிது போல் சுற்றும். நான்கும் முழுமையாக இல்லாத செய்தியை மற்றவருக்கு அனுப்பாதீர்கள். ஒரு வதந்தியால் ஓர் அலுவலகமே ஒரே நேரத்தில் கீழே இறங்கி, ஓடாத பஸ்ஸுக்காக வீதியில் நின்றதைக் கண்டிருக்கிறேன்.

இணையத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு இருந்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், யூடியூப், டுவிட்டர் ஆகியவை நள்ளிரவுக்குப் பின் முடக்கப்பட்டு, பிற்பகலில்தான் திரும்பக் கிடைத்தன. வி.பி.என். வைத்திருந்தவர்கள் அதன் வழியாகப் போனார்கள். அன்று அதைத் தேடத் தொடங்கியவர்களுக்குத் தரவிறக்குவதே சிரமமாக இருந்தது. வேண்டுமானால் நம்பகமான ஒன்றை அமைதியான நாளிலேயே நிறுவிச் சோதித்து வையுங்கள்.

அதைவிட முக்கியமானது ஐந்து பேர் கொண்ட ஒரு குறுஞ்செய்திச் சங்கிலி: வீட்டில் ஒருவர், அறையில் ஒருவர், வேலைத்தலத்தில் ஒருவர், கொழும்பில் வாகனம் வைத்திருக்கும் உறவினர் ஒருவர், ஊரில் ஒருவர். ஊரில் இருப்பவரைச் சேர்ப்பதற்குக் காரணம், கொழும்பில் வலையமைப்பு நெருக்கடியாக இருக்கும்போது வெளியூரில் ஒருவர் எல்லோருடைய நிலையையும் சேர்த்து வைத்திருக்க முடியும் என்பதே.

செய்தியைச் சுருக்கமாக அனுப்புங்கள். தமிழ் எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 எழுத்துக்குறிகளே இடம்; அதற்கு மேல் போனால் அது துண்டுகளாகப் பிரிகிறது, துண்டுகளில் ஒன்று பிந்தினால் முழுச் செய்தியும் பிந்தும். ‘வீட்டில்’, ‘அலுவலகத்தில்’, ‘நடந்து வருகிறேன், பம்பலப்பிட்டி’ என்ற அளவு போதும்.

அந்த ஐந்து இலக்கங்களையும் தாளில் எழுதிப் பணப்பைக்குள் வையுங்கள். அதே தாளில் பொலிஸ் அவசர அழைப்பு 119, சுவசெரிய அம்புலன்ஸ் 1990, தீயணைப்பு 110, மனித உரிமைகள் ஆணைக்குழு 1996 ஆகியவற்றையும் எழுதுங்கள். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, கைத்தொலைபேசிகள் அணைந்தன, கோபுரங்களின் பற்றரி தீர்ந்து சமிக்ஞையும் விழுந்தது. மின்கலத்தில் ஓடும் சிறிய வானொலிப் பெட்டி ஒன்று அறையில் இருப்பது அந்த நேரத்துக்காகத்தான்.

4. ஆவணங்களையும் பையையும் ஆயத்தம் செய்யுங்கள்

தேசிய அடையாள அட்டையின் மூலப் பிரதி எப்போதும் உங்களிடம் இருக்க வேண்டும். கைத்தொலைபேசியில் உள்ள படம் போதாது, ஏனெனில் அதைக் காட்ட நீங்கள் பூட்டைத் திறந்து கைத்தொலைபேசியையே கொடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது தொழில் தருநரின் கடிதம். அதில் உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், பதவி, தங்கும் முகவரி, வேலைத்தல முகவரி, வேலை நேரம், கையொப்பமிட்டவரின் தொலைபேசி இலக்கம், நிறுவன முத்திரை, அண்மைய திகதி ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். அதைச் சிங்களத்திலும் எழுதி வாங்குங்கள். வீதித் தடையில் நிற்பவர் அதை இருட்டில், கைவிளக்கின் வெளிச்சத்தில், சில நொடிகளில் வாசித்து முடிவெடுக்கிறார். ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்பட்ட அழகான கடிதத்தை அவர் மேலதிகாரியிடம் கொண்டுபோவார், நீங்கள் காத்திருப்பீர்கள்.

அத்தியாவசிய சேவையில் இருப்பவர்களின் நிறுவன அடையாள அட்டை ஊரடங்கு அனுமதியாக ஏற்கப்படும் என்றும், கட்டுநாயக்கவுக்குப் போகிறவர்களின் கடவுச்சீட்டும் விமானச் சீட்டும் ஏற்கப்படும் என்றும் 2022இல் அறிவிக்கப்பட்டது. இவை ஒவ்வொரு முறையும் தனியாக அறிவிக்கப்பட வேண்டியவை. கடந்த முறை ஏற்றார்கள் என்பதற்காக இந்த முறையும் ஏற்பார்கள் என்று புறப்பட வேண்டாம்.

வெளியூர் முகவரியுள்ள அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று கூடுதலாகத் தேவை. முகவரி பருத்தித்துறை என்றும் நிற்கும் இடம் பம்பலப்பிட்டி என்றும் இருந்தால் முதல் கேள்வி ‘இங்கே என்ன செய்கிறீர்கள்’ என்பதாகவே இருக்கும். தமிழர்களாகிய நாம் அந்தக் கேள்வியின் பாரத்தைப் பல ஆண்டுகளாக அறிவோம். அறை உரிமையாளரின் கடிதமோ, தங்கும் பகுதிக் கிராம உத்தியோகத்தரின் சான்றோ கையில் இருந்தால் பதில் ஒரு நிமிடத்தில் முடியும்.

பையில் ஒரு போத்தல் தண்ணீர், ஏற்றப்பட்ட பவர் பேங்க், முகக்கவசம், சிறிய கைவிளக்கு, நாள்தோறும் எடுக்கும் மருந்தில் இரண்டு நாளுக்குரியது, ஆஸ்துமா இருப்பவருக்கு இன்ஹேலர், நூறு ரூபா, ஐம்பது ரூபாத் தாள்களாகக் கொஞ்சம் பணம் ஆகியவை போதும். நடந்து திரும்பக்கூடிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போங்கள். வேலைக்குப் போகும் நாளில் எந்தத் தரப்பின் வாசகமும் எழுதிய உடையை அணியாதீர்கள். ஒரே நாளில் ஒரே வீதியில் இரு தரப்பையும் நீங்கள் கடக்க நேரலாம்.

5. அறையில் இருக்க வேண்டியவை

இதை ஐந்தாவதாக வைத்திருப்பதற்குக் காரணம், ஊரடங்கின்போது கொழும்பில் பசியால் அகப்பட்டவர்களைவிட வழியில் அகப்பட்டவர்களே அதிகம் என்பதுதான். மூன்று நாளைக்குப் போதுமானது இருந்தால் சரி. 2022 ஏப்ரல் 2 மாலை ஆறு மணி முதல் 4ஆம் திகதி காலை ஆறு மணி வரை ஒரே தொடராக ஊரடங்கு இருந்தது. மே 9ஆம் திகதிக்குப் பின் வந்தது அதைவிட நீண்டது.

சமைக்காமல் உண்ணக்கூடியதையும் சேர்த்து வாங்குங்கள். காஸ் தட்டுப்பாட்டில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு சமைக்க வழியில்லாமல் இருந்தவர்கள் உண்டு. மாடிக் குடியிருப்பில் மின்சாரம் போனால் நீரேற்றும் மோட்டாரும் நிற்கும், ஆகையால் இரண்டு வாளி தண்ணீர் எப்போதும் நிரம்பியிருக்கட்டும். வீட்டிலிருந்து வேலை செய்பவர் ரவுட்டருக்கு ஒரு சிறிய யு.பி.எஸ். வாங்கினால் மின்வெட்டின் தொடக்க மணித்தியாலங்களைத் தாண்டலாம்.

பெற்றோலை மட்டும் அறையில் சேமிக்க வேண்டாம். அது தீவிபத்துக்கு வழி. எரிபொருளைப் பதுக்கியதாகக் குற்றம் சாட்டப்படவும் இடமுண்டு.

6. முதல் நாள் இரவே முடிவெடுங்கள்

காலையில் எழுந்து பார்த்து முடிவெடுப்போம் என்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. காலையில் உங்கள் மேலாளரும் வீதியில் இருப்பார், பஸ் நடத்துநருக்கும் ஒன்றும் தெரியாது, அரைத் தூரம் போனபின் திரும்புவதா போவதா என்ற குழப்பத்திலேயே நேரம் கரைந்துவிடும்.

இரவு எட்டு மணியளவில் மூன்றைப் பாருங்கள்: நாளை அறிவிக்கப்பட்ட ஆர்ப்பாட்டம் உங்கள் தாளில் குறித்த இடங்களில் ஒன்றிலா, புகையிரதத் தொழிற்சங்கமோ பஸ் சங்கமோ வேலைநிறுத்தம் அறிவித்திருக்கிறதா, ஊரடங்கு பற்றி அரச அறிவிப்பு உண்டா. இவற்றுள் எதுவும் இல்லையென்றால் வழக்கம்போல் போகலாம். ஒன்று இருந்தால் திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டு போகலாம். இரண்டு இருந்தால், வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலையாயின், போகாதீர்கள்.

திரும்பும் நேரத்தை ஊரடங்கு தொடங்கும் நேரத்திலிருந்து கணிக்காதீர்கள். பஸ் ஓட்டம் குறையும் நேரத்திலிருந்து கணியுங்கள். பஸ் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் வீடு உண்டு. ஆறு மணிக்கு ஊரடங்கு என்றால் அவர்கள் கடைசிச் சுற்றை மூன்று மணியளவிலேயே முடித்துவிடக்கூடும். அதோடு, பஸ்ஸே இல்லாவிட்டால் நடக்க எவ்வளவு நேரம் என்பதையும் சேருங்கள். நடக்க ஒன்றரை மணித்தியாலம் ஆகும் ஒருவர், ஆறு மணி ஊரடங்குக்கு இரண்டரை மணிக்கே வேலையிலிருந்து புறப்படுவது பயந்த செயல் ஆகாது.

முன்னறிவிப்பே இல்லாத நாளும் வரும். 2022 மே 9ஆம் திகதி காலை அலரி மாளிகையில் கூடிய அரசாங்க ஆதரவாளர்கள் வெளியே வந்து, அங்கிருந்த போராட்டக்காரர்களையும் பின்னர் காலிமுகத்திடலில் ‘கோட்டா கோ கம’ என்ற போராட்டக் கிராமத்தில் இருந்தவர்களையும் தாக்கினார்கள். அன்று பகலிலேயே ஊரடங்கு விதிக்கப்பட்டது, அலுவலகங்களில் இருந்தவர்களுக்கு ஆயத்தமாக அவகாசம் இருக்கவில்லை. இப்படியான நாளில் அறிவிப்புக்கு முன்பே வீதி சில அடையாளங்களைக் காட்டும். கடைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாதிக் கதவை இறக்கும், பெற்றோர் பாடசாலைக்கு நேரத்தோடு வந்து பிள்ளைகளை அழைத்துச் செல்வார்கள், கோட்டைக்குப் போக வேண்டிய பஸ் கொள்ளுப்பிட்டியிலேயே ஆட்களை இறக்கித் திரும்பும். இவற்றுள் இரண்டைக் கண்டால் மேலாளரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

7. போய் வரும் வழி

கரையோர ரயில் பாதை கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று செல்வதால் காலி வீதி மறிக்கப்பட்ட நாளில் அதுவே முதல் தெரிவு. ஆனால் எல்லோரும் அதையே தெரிவு செய்வார்கள். 2022 ஜூலை 9ஆம் திகதி வெளியூர்களிலிருந்து போராட்டக்காரர்களும் ரயில்களில்தான் நிறைந்து வந்தார்கள். கோட்டை நிலையத்தில் ஏறுவதைத் தவிர்த்து, ஒரு நிலையம் தள்ளி ஏறுங்கள். கோட்டை நிலைய வாசல் ஆர்ப்பாட்டம் கூடும் இடங்களில் ஒன்று என்பதை முதலாம் படியிலேயே குறித்திருப்பீர்கள்.

முச்சக்கர வண்டியில் ஏறுமுன் கட்டணத்தையும் வழியையும் பேசிக்கொள்ளுங்கள். எரிபொருள் இல்லாத நாளில் கட்டணம் பல மடங்காகும். ஓட்டுநர் வரிசையில் இரவு முழுவதும் காத்திருந்து பெற்ற பெற்றோல் அது என்பதால் அவரிடம் கோபிப்பதில் பயனில்லை. ஒரே திசையில் போகும் மூவர் சேர்ந்து ஏறுவதே வழி.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் தாங்கி பாதிக்குக் கீழே போக விடக்கூடாது. 2022 ஜூன் 27 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவிக்கப்பட்டது, அதன்பின் கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் ஒதுக்கப்பட்டது. அந்த மாதங்களில் கொழும்பில் பலர் சைக்கிளுக்கு மாறினார்கள். ஐந்தாறு கிலோமீற்றருக்குள் வேலைத்தலம் உள்ளவருக்கு ஒரு பழைய சைக்கிளைவிட உறுதியான வாகனம் வேறு இல்லை.

வீதியை மறிப்பவர்கள் பொலிஸார் மட்டுமல்லர். வெற்றுக் காஸ் சிலிண்டர்களை வீதிக்குக் குறுக்கே அடுக்கி மக்கள் மறித்த இடங்கள் பல. மே 9ஆம் திகதி மாலையில் கொழும்பிலிருந்து வெளியேறும் வீதிகளில் பொதுமக்களே வாகனங்களை நிறுத்திச் சோதித்தார்கள். அங்கே ஹோர்ன் அடிக்கவோ காணொளி எடுக்கவோ வேண்டாம். கண்ணாடியை இறக்கி, எங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்பதை அமைதியாகச் சொல்லுங்கள். சிங்களம் சரளமாக வராதவர், ‘வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறேன்’ என்ற ஒரு வாக்கியத்தையாவது முன்கூட்டியே பழகி வைத்திருக்க வேண்டும்.

8. பணியாளர்களுக்குப் பொறுப்பானவர் செய்ய வேண்டியவை

நீங்கள் ஒரு கடையையோ சிறிய அலுவலகத்தையோ நடத்துபவராயின், பணியாளர் ஒவ்வொருவரும் எங்கே தங்கியிருக்கிறார், எதில் வருகிறார், நடந்தால் எவ்வளவு நேரம் என்ற பட்டியலை முதலில் எழுதுங்கள். எல்லோரையும் ஒரே நேரத்தில் அனுப்பக்கூடாது. வத்தளைக்குப் போகிறவர் முதலிலும் தெஹிவளைக்குப் போகிறவர் பிறகும் பக்கத்துத் தெருவில் இருப்பவர் கடைசியிலும் புறப்பட வேண்டும்; ஒரே திசையில் போகிறவர்கள் சேர்ந்து போக வேண்டும்.

ஊரடங்கு நாளுக்கும் வர முடியாத நாளுக்கும் சம்பளம் உண்டா என்பதை எழுத்தில் அறிவியுங்கள். இதைச் செய்யாத இடங்களில், குறிப்பாக நாட்கூலிக்கு வேலை செய்பவர்கள், ஒரு நாள் கூலியை இழக்கப் பயந்து போகக்கூடாத வழியால் வந்தார்கள். அவர்களை ஆபத்துக்குள் தள்ளியது வீதியில் நடந்தது மட்டுமன்று, முதலாளியின் மௌனமும்தான். முழுக்கூலி கொடுக்க முடியாவிட்டால் பாதியாவது உறுதி என்று சொல்லிவிடுங்கள்.

சம்பளத்தை வழக்கமான நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக வங்கிக்கு அனுப்புங்கள். கையொப்பமிடுபவர் ஒருவரே என்றால், அவர் வர முடியாத நாளில் எல்லோருடைய சம்பளமும் நின்றுவிடும். ஆகவே இணைய வங்கியில் இரண்டாவது அனுமதியாளர் ஒருவரை இப்போதே பதிவு செய்யுங்கள். அன்றாடக் கணக்குப் புத்தகமும் முக்கிய ஆவணங்களின் பிரதிகளும் ஒருவர் வீட்டிலாவது இருக்க வேண்டும்.

இரவு தங்க நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் யோசியுங்கள். குடிநீர், பிஸ்கட், இரண்டு பாய்கள், பெண்களுக்குத் தனி அறையும் உள்ளிருந்து பூட்டும் வசதியும், ஒவ்வொருவர் வீட்டுக்கும் அறிவிக்கும் பொறுப்பு ஒருவரிடம் என்பதும் இருந்தால், ஆபத்தான வழியில் அனுப்புவதைவிடத் தங்கவைப்பது நல்லது.

9. நடுவே அகப்பட்டால்

கூட்டம் உங்களை நோக்கி ஓடி வந்தால் அதற்கு எதிராகப் போகாமலும் அதன் நடுவில் ஓடாமலும், பக்கவாட்டில் நகர்ந்து முதல் குறுக்குத் தெருவுக்குள் திரும்புங்கள். முட்டுச் சந்தாக இல்லாத தெரு எது என்பதை நடந்து பார்த்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குச் சொல்லியிருக்கும். என்ன நடக்கிறது என்று பார்க்க நிற்காதீர்கள். நீர்த்தாரை வாகனம் முன்னுக்கு வருவதும் பொலிஸார் முகமூடியைப் போடுவதும் அடுத்து வருவதைச் சொல்லும் அடையாளங்கள்.

கண்ணீர்ப்புகை அடிக்கப்பட்டால் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய்ப் புகையை விட்டு வெளியேறுங்கள். அது காற்றைவிடக் கனமானதால் பள்ளத்திலும் கீழ்த்தளத்திலும் தங்கும். குந்தி உட்காருவது பிழை, மேடான திறந்த இடத்துக்குப் போவது சரி. கண்ணைக் கசக்காதீர்கள். நிறையச் சுத்தமான தண்ணீரால், தலையைச் சாய்த்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கழுவுங்கள். பற்பசை பூசுவது தோல் எரிவைக் கூட்டும். கொன்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அப்படியான நாட்களில் மூக்குக்கண்ணாடியோடு போக வேண்டும். கீழே கிடக்கும் புகைக் குண்டைக் கையால் தொடாதீர்கள், அது சுடும்.

புகை வரும் எல்லையில் அலுவலகம் இருந்தால் யன்னல்களை மூடி, வெளிக்காற்றை உள்ளிழுக்கும் குளிரூட்டியை நிறுத்துங்கள். வீட்டுக்கு வந்ததும் உடையைத் தனியாக வைத்து, முதலில் குளிர்ந்த நீரால் குளியுங்கள். மூச்சுத்திணறல் அரை மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தாலோ, ஆஸ்துமாக்காரர், முதியவர், குழந்தை ஆகியோருக்குச் சிரமம் இருந்தாலோ 1990க்கு அழையுங்கள்.

10. நீங்களோ உடன் இருப்பவரோ கைது செய்யப்பட்டால்

கைதுக்குரிய காரணம் சொல்லப்பட வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை தரும் உரிமை. சாதாரண சட்டத்தின் கீழ், பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். அவசரகால விதிகளின் கீழ் இது நீளலாம். எதிர்த்துத் தள்ளாமல், எந்தப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று உரத்துக் கேளுங்கள். அருகில் நிற்பவர் அந்தப் பெயரைக் கேட்டாலே குடும்பத்தின் தேடல் பாதியாகக் குறையும்.

உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பமிடாதீர்கள். தமிழில் பதியுமாறு, முடியாவிட்டால் வாசித்து மொழிபெயர்க்குமாறு, பணிவாகவும் திரும்பத் திரும்பவும் கேளுங்கள். களைப்பினாலும் வீட்டுக்குப் போகும் அவசரத்தினாலும் கையொப்பமிட்டுவிட்டுப் பிறகு வருந்துவது இந்தக் கட்டத்தில் நிகழும் பெரும் பிழை.

வெளியில் இருப்பவர் செய்ய வேண்டிய வரிசை இது: பொலிஸ் நிலையத்தை உறுதி செய்தல், சட்டத்தரணியை அழைத்தல், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996க்கு முறையிட்டு முறைப்பாட்டு இலக்கத்தைப் பெறுதல், தொழில் தருநரின் கடிதத்துடன் நிலையத்துக்குப் போதல். சட்டத்தரணிக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 2022 மார்ச் 31ஆம் திகதி இரவு மிரிஹானையில் ஜனாதிபதியின் வீட்டருகே நடந்த ஆர்ப்பாட்டத்தில் கைதானவர்களுக்காக நூற்றுக்கணக்கான சட்டத்தரணிகள் கட்டணமின்றி நீதிமன்றத்துக்கு வந்தார்கள்.

அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்ய ஒரு மாதமே அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே காயங்களின் படம், மருத்துவமனைத் துண்டு, நேரம், இடம் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள்.

11. மறுநாள் காலை

ஊரடங்கு ஆறு மணிக்கு நீங்குகிறது என்றால் ஆறு மணிக்கே வீதியில் இறங்காதீர்கள். முதல் இரண்டு மணித்தியாலத்தில் கடையிலும் வங்கி இயந்திரத்திலும் பஸ் தரிப்பிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் குவிவார்கள், பஸ்களோ இன்னும் ஓடத் தொடங்கியிருக்காது. சில மணித்தியாலத்துக்குப் பின் மீண்டும் ஊரடங்கு அறிவிக்கப்படுவதும் உண்டு. நீங்கியதாகச் சொல்லும் அறிக்கையில் மறுபடி தொடங்கும் நேரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிறகு ஐந்து பேருக்கும் உங்கள் நிலையைச் சொல்லுங்கள், பவர் பேங்கை ஏற்றுங்கள், போத்தலை நிரப்புங்கள், எடுத்து முடித்த மருந்துக்கு ஈடானதைப் பையில் திரும்ப வையுங்கள். தொழில் தருநரின் கடிதத்தில் உள்ள திகதி ஒரு மாதத்துக்கு மேல் பழையதாயின் அன்றே புதிதாக எழுதி வாங்குங்கள். முதல் நாள் எந்த வீதி எத்தனை மணிக்கு மூடப்பட்டது, பஸ் எங்கே திரும்பியது என்பவற்றை முதலாம் படியில் வரைந்த தாளிலேயே குறித்து, அறையில் உடன் இருப்பவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.